மழைக் காட்சியில் வசனம் அமுங்குகிறது: இறுதி மிக்ஸிங்கை எங்கிருந்து தொடங்குவது?

புதுத்தடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒரு சிறு முதலீட்டுத் தமிழ்ப் படத்தின் இறுதி மிக்ஸிங் (வசனம், இசை, மற்ற ஒலிகளை ஒன்றாகக் கலக்கும்) வேலையில் இருக்கிறேன். படத்தின் நடுவில் நான்கு நிமிடம் ஓடும் ஒரு காட்சி வருகிறது. தகரக் கூரை போட்ட தேநீர்க் கடையில் மழைக்கு ஒதுங்கி நிற்கும் தாயும் மகளும், வீட்டை விற்பது பற்றி இத்தனை நாள் பேசாமல் வைத்திருந்ததைப் பேசுகிறார்கள். மழை விடுவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்ற நெருக்கடிதான் காட்சியின் உயிர் என்பதால், மழையைக் குறைப்பதற்கு இயக்குநர் சம்மதிக்கவில்லை. இரண்டாம் நிமிடத்திலிருந்து வயலின் குழுவும் செல்லோவும் வாசிக்கும் பின்னணி இசை தொடங்குகிறது. அது ஸ்டீரியோவில் ஒரே கோப்பாக வந்திருக்கிறது.

என் அறையில் ஹெட்ஃபோனில் கேட்கும்போது ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருக்கிறது. அதையே பிரிவியூ அரங்கில் போட்டுக் கேட்டால், மகள் தணிந்து பேசும் வரிகளில் பாதி புரியவில்லை. வசனத்தை 3 டெசிபல் ஏற்றினால் இசை ஒட்டாமல் தனியே நிற்கிறது. இசையை ஏற்றினால் மழை உயிரிழந்துவிடுகிறது. மழையை ஏற்றினால் வசனம் மறுபடி உள்ளே போய்விடுகிறது. எந்த வரிசையில் வேலை செய்தால் இந்தச் சுழலிலிருந்து வெளியே வரலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். வசனம் முழுவதும் ஸ்டுடியோவில் டப்பிங் செய்யப்பட்டது. 5.1 (திரைக்குப் பின்னும் சுவர்களிலும் ஒலிபெருக்கி உள்ள முறை), அட்மாஸ் (மேற்கூரையிலும் ஒலிபெருக்கி உள்ள முறை) இரண்டிலும் ஒப்படைக்க வேண்டும்.

வடபழனி மேசை எழுதியது:

நண்பர் புதுத்தடம் அவர்களுக்கு, மூன்று ஒலிகள் ஒரே அதிர்வெண் பகுதியில், ஒரே ஒலிபெருக்கியில், ஒரே நேரத்தில் இடம் கேட்கும்போது எதை ஏற்றினாலும் மற்றது அடிபடத்தான் செய்யும். தகரத்தின் மேல் விழும் மழை நடு அதிர்வெண்களிலும் உயர் அதிர்வெண்களிலும் அடர்ந்திருக்கும். 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை அது அநேகமாக முழுதாக எடுத்துக்கொள்கிறது. பேச்சுக்குத் தெளிவு கொடுக்கும் மெய்யொலிகள் குடியிருப்பதும் அங்கேதான். ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவதற்கான அடையாளங்கள்கூட ஏறத்தாழ 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கின்றன. உயிரொலிகளின் வலு அதற்குக் கீழே இருப்பதால், யாரோ பேசுகிறார்கள் என்பது கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பது மழைக்குள் போய்விடும்.

ஹெட்ஃபோனில் புரிந்தது அரங்கில் புரியாமல் போனதற்கும் காரணம் உண்டு. ஹெட்ஃபோனில் அறையின் எதிரொலி கிடையாது. பெரிய அரங்கில் ஒவ்வோர் அசையும் அடுத்த அசையின் மேல் சற்று நீண்டு படர்கிறது. சொற்களுக்கு நடுவே இருக்க வேண்டிய சிறு இடைவெளிகளை மழையின் எதிரொலி வேறு நிரப்பிவிடுகிறது. அதோடு, மிக்ஸிங் அரங்கில் டிஜிட்டல் கணக்கில் மைனஸ் 20 டெசிபல் அளவுள்ள பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலைத் திரைக்குப் பின்னாலுள்ள ஒவ்வொரு சேனலிலும் செலுத்தினால், மீட்டரை சி எடை என்ற அளவு முறையில் வைத்து அளக்கும்போது இருக்கையில் 85 டெசிபல் காட்டும்படி அளவு கட்டியிருப்பார்கள். நாம் அறையில் ஹெட்ஃபோனில் கேட்பது பெரும்பாலும் அதைவிடக் குறைந்த அளவில்தான். சத்தம் கூடக் கூட, தாழ்ந்த ஒலிகள் தமக்கு மேலுள்ள அதிர்வெண்களை மறைக்கும் தன்மையும் கூடுகிறது. உங்கள் அறையில் சாதுவாக இருந்த செல்லோ, அரங்கில் வசனத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வது இதனால்தான்.

நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் இசையையும் எஃபெக்ட்ஸையும் (மழை போன்ற மற்ற ஒலிகள்) மூடிவிட்டு, வசனத்தை மட்டும் அரங்கின் முழு அளவில் கேளுங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வடிகட்டிவிடலாம். டப்பிங் அறைக்கே உரிய பெட்டிக்குள் பேசுவது போன்ற தன்மை 300 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் இருந்தால், அங்கே 2 அல்லது 3 டெசிபல் குறையுங்கள். ஒவ்வொரு வரியையும், தேவைப்பட்டால் ஒவ்வொரு சொல்லையும், கிளிப் அளவிலேயே சமன்செய்யுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல் தேய்ந்து போவது நம் பேச்சில் சகஜம். அதைக் கையால் தூக்கிவிடுவது சத்த வேறுபாட்டைச் சுருக்கும் கம்ப்ரசரால் நசுக்குவதைவிட எவ்வளவோ மேல். வசனம் தனியாக நின்று வசதியாகக் கேட்கும் நிலை வந்ததும், அளவை ஏற்றி இறக்கும் அந்த ஃபேடரை இனித் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற அனைத்தும் அதைச் சுற்றி அமையட்டும்.

அடுத்து மழை. ஒரே ஸ்டீரியோ மழைக் கோப்பை வைத்துக்கொண்டு இந்தக் காட்சியைச் சரிசெய்வது நடக்காத காரியம். தூரத்து மழை ஓர் அடுக்கு, தகரத்தில் விழுவது ஓர் அடுக்கு, கூரை விளிம்பிலிருந்து வாசலில் ஒழுகுவது ஓர் அடுக்கு, ஈரச் சாலையில் கடக்கும் வண்டி ஓர் அடுக்கு என்று பிரித்து வையுங்கள். தூரத்து மழையின் மேல் அதிர்வெண்களைத் தணித்து இடது, வலது, சரவுண்ட் (பார்ப்பவரைச் சுற்றியுள்ள) சேனல்களில் பரப்பிவிட்டு, நடுச் சேனலை வசனத்துக்காகக் காலியாக விடுங்கள். காட்சி தொடங்கும்போது எல்லா அடுக்குகளையும் முழுதாகக் கொடுங்கள். பெருமழை பெய்கிறது என்பது பார்ப்பவர் மனத்தில் பதிந்த பிறகு, பேச்சு தொடங்கி இருபது முப்பது நொடிக்குள் தகர அடுக்கை மட்டும் 5 அல்லது 6 டெசிபல் மெதுவாக இறக்குங்கள். மாறாத ஒலிக்குக் காது பழகிவிடுவதால் அது இறங்கியதே தெரியாது. வசனங்களுக்கு இடையில் இருவரும் பேசாமல் நிற்கும் இடங்களில் தகரத்தை மறுபடி மேலே கொண்டுவாருங்கள். மௌனத்தில் மழை ஓங்கிக் கேட்டால், பேச்சின் போதும் அது அப்படியே பெய்கிறது என்றுதான் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார். உங்கள் இயக்குநர் கேட்கும் மழை உண்மையில் இந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது.

களஒலி எழுதியது:

வடபழனி மேசை அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஆனால் மிக்ஸிங் மேசைக்கு வருவதற்கு முன்பே சிக்கல் தொடங்கியிருக்கலாம். டப்பிங்கின்போது இரண்டு நடிகையரின் காதிலும் மழை ஒலி போடப்பட்டதா? இந்தக் கேள்விக்கு இல்லை என்பது பதிலானால், அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் திருகுவதற்கு முன் அதைத்தான் கவனிக்க வேண்டும்.

சத்தமான இடத்தில் பேசும் எவரும் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள். அளவு மட்டும் கூடுவதில்லை. சுருதி சற்று ஏறுகிறது, உயிரொலிகள் நீள்கின்றன, குரலின் வலு மேல் அதிர்வெண்களுக்கு நகர்கிறது. பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார்ட் 1911இல் இதை எழுதியதால், லொம்பார்ட் விளைவு என்று அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். சத்தத்துக்கு நடுவே புரியவைப்பதற்காகக் குரல் தானே செய்துகொள்ளும் ஏற்பாடு அது. அமைதியான டப்பிங் அறையில், மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று தணிந்து சொன்ன வரியில் இந்த ஏற்பாடு எதுவும் இருக்காது. அதை ஃபேடரால் ஏற்றினால் பெரிதாக்கப்பட்ட முணுமுணுப்பாகத்தான் கேட்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும், இவர் மழையில் நிற்கவில்லை என்பதைக் காது கண்டுபிடித்துவிடும்.

மழைக் காட்சியில் டப்பிங்கைத் தவிர்ப்பது பெரும்பாலும் முடியாது என்பது எனக்கும் தெரியும். தண்ணீர் லாரியும் மோட்டாரும் போடும் சத்தத்தில், மற்ற இடங்களில் நேரடி ஒலிப்பதிவு செய்யும் படங்கள்கூட இத்தகைய காட்சியை டப்பிங்குக்கு விட்டுவிடுகின்றன. ஆகவே புரியாத வரிகளை மட்டும் பட்டியலிட்டு, ஓர் அரை நாள் டப்பிங் கேளுங்கள். இருவரையும் ஒன்றாக அழைத்து, எதிரெதிரே நிற்கவைத்து, மைக்கை மூன்றடி தள்ளி வைத்து, ஹெட்ஃபோனில் மழையைத் தாராளமாகக் கொடுங்கள். தணிந்து பேச வேண்டிய வரி அப்போதும் தணிந்தே வரும். ஆனால் மழைக்கு மேலாகத் தன் தாய்க்கு எட்ட வேண்டும் என்று தணிந்து பேசும் ஒருத்தியின் குரலாக வரும்.

வசனத் தொகுப்பாளர் எழுதியது:

களஒலி அண்ணன் சொன்னதோடு இரண்டு விஷயங்களைச் சேர்க்க விரும்புகிறேன். மறுடப்பிங்குக்கு முன், படப்பிடிப்பின்போதே பதிவான பைலட் டிராக்கை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். மோட்டார் சத்தம் எவ்வளவு இருந்தாலும், எந்தச் சொல்லுக்கு முன் மூச்சு வாங்கினார், எந்த இடத்தில் மழைக்காகக் குரலை இழுத்தார் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கும். டப்பிங்கில் முதலில் தொலைந்துபோவது மூச்சுதான். மூச்சு இருந்தால் அடுத்து ஒரு சொல் வரப்போகிறது என்று காது தயாராகிவிடும். தயாராக இருக்கும் காதுக்குப் பாதி மறைந்த சொல்லும் புரியும்.

இரண்டாவது ரிவெர்ப், அதாவது செயற்கையாகச் சேர்க்கும் எதிரொலி. தேநீர்க் கடைக்கு மூன்று பக்கம் சுவர் இல்லை. ஒலி வெளியே ஓடிவிடும். தலைக்கு மேலுள்ள தகரத்திலிருந்தும் பலகையிலிருந்தும் 10, 20 மில்லிநொடிக்குள் திரும்பி வரும் சில எதிரொலிப்புகள் மட்டுமே அங்கே உண்டு. டப்பிங் வசனம் ஒட்டவில்லை என்றதும் அறை ரிவெர்பைச் சேர்ப்பது பலருக்கும் கை போகிற பழக்கமாகிவிட்டது. இங்கே அது சூழலுக்கும் பொருந்தாது, தெளிவையும் கெடுக்கும். நீண்ட வால் இல்லாத, குறுகிய எதிரொலிப்பை மட்டும் சேர்த்துப் பாருங்கள். அண்மைக் காட்சிக்கும் சேய்மைக் காட்சிக்கும் அதன் அளவை மாற்றுங்கள்; ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் தாவித் தாவி மாற்றாமல், பாதி அளவுக்கு மாற்றினால் போதும்.

தந்தி எழுதியது:

நான் வயலின் கலைஞன். பின்னணி இசைப் பதிவுகளில் வாசிப்பவன். இசையின் தரப்பிலிருந்து பேச அனுமதியுங்கள். வசனம் புரியவில்லை என்றதும் எல்லா மேசைகளிலும் முதலில் வெட்டப்படுவது இசை. வசனம் வரும்போதெல்லாம் இசை அமுங்கி, வசனம் நின்றதும் மேலே எழும்பி வருவதைக் கேட்கும்போது, வாசித்தவர்களுக்கு மட்டுமல்லாமல் பார்ப்பவர்களுக்கும் அது கையால் செய்த வேலை என்பது தெரிந்துவிடுகிறது. ஒரு சொற்றொடர் மெல்ல எழுந்து உச்சிக்குப் போய் இறங்குகிறது என்றால், அந்த ஏற்ற இறக்கத்தில்தான் இசையின் பொருள் இருக்கிறது. அதை ஒரு கருவி தன் கணக்குக்குக் கலைப்பது நியாயமில்லை.

புதுத்தடம் அவர்கள் முதலில் இசையமைப்பாளரிடம் பேச வேண்டும். பெண் குரலின் அடிப்படைச் சுருதி பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. மேலைமுறையில் சுருதி கூட்டிய வயலினின் கடைசித் தந்தி 196 ஹெர்ட்ஸ். அதாவது வயலின் தன் கீழ்த் தந்திகளில் மெட்டு வாசித்தால், இரண்டு பெண்கள் பேசும் காட்சியில் அது மூன்றாவது பெண்ணாகக் குறுக்கே பேசுவதற்குச் சமம். மெட்டை மௌனங்களுக்கு ஒதுக்கிவிட்டு, பேச்சின்போது நீண்ட சுரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். வயலினில் மியூட் (ஒலியைத் தணிக்கும் சிறு கவ்வி) போட்டு வாசித்தால் மேல் அதிர்வெண்கள் தணிந்து, மெய்யொலிகளுக்கு வழி கிடைக்கும். மீண்டும் பதிவு செய்ய வசதி இல்லை என்றால், குறைந்தபட்சம் வயலின், செல்லோ, மற்றவை என்று தனித்தனிக் கோப்புகளான ஸ்டெம்களையாவது வாங்குங்கள். ஸ்டீரியோ கோப்பில் எதைத் தொட்டாலும் எல்லாவற்றையும் தொட்டதாகிவிடும்.

இரண்டாம் ஆட்டம் எழுதியது:

தொழில்நுட்பம் தெரியாத பார்வையாளனாக ஒரு கேள்வி. எல்லாச் சொல்லும் புரிந்தே ஆக வேண்டுமா? கொட்டும் மழையில் இருவர் பேசினால் சில சொற்கள் காதில் விழாமல் போவதுதான் இயல்பு. அவர்களுடைய முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளும் இடங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தெளிவாக்கிவிட்டால், மழையில் பேசியது வானொலி நாடகம் போல ஆகிவிடாதா?

வடபழனி மேசை எழுதியது:

இரண்டாம் ஆட்டம் அவர்களின் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு சொல் புரியாமல் போகலாம். ஆனால் அது புரியாமல் போக வேண்டும் என்று இயக்குநர் முடிவுசெய்திருக்க வேண்டும். அப்படி முடிவுசெய்த இடத்தில் மழை அந்தச் சொல்லை விழுங்குவது அழகாக இருக்கும். மகள் எதையோ சொல்லத் தொடங்கி நிறுத்திவிடும் வரி இருந்தால், அதை நானே மழைக்குக் கொடுத்துவிடுவேன். விலை பற்றிய வரியை ஒருபோதும் கொடுக்க மாட்டேன். அது புரியாவிட்டால் அடுத்த இரண்டு நிமிடக் காட்சியும் போய்விடும். புரியாததைப் பற்றிப் பார்ப்பவர் யோசிக்கத் தொடங்கினால், அந்த நேரத்தில் வரும் அடுத்த வரியையும் அவர் இழக்கிறார் என்பதுதான் இதில் உள்ள பெரிய நஷ்டம்.

தந்தி அவர்களுடைய வருத்தம் நியாயமானது. இங்கே திரைப்பட ஒலி வடிவமைப்பாளரும் எடிட்டருமான வால்டர் மர்ச் எழுதியிருப்பதை நினைவுபடுத்துவது பொருத்தமாக இருக்கும். இயந்திர மனிதர்கள் நடக்கும் காட்சிக்குக் காலடி ஒலி சேர்க்கும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். ஒருவர் நடந்தாலோ இருவர் நடந்தாலோ ஒவ்வொரு காலடியும் படத்தோடு பொருந்த வேண்டியிருக்கிறது. மூன்று பேர் ஆனதும் காது எண்ணுவதை விட்டுவிட்டு, கூட்டம் என்று எடுத்துக்கொள்கிறது. இதை விரித்து, ஒரே வகையான ஒலிகளில் இரண்டரைக்கு மேல் மனம் தனித்தனியாகப் பின்தொடராது என்று அவர் வகுத்தார். அதோடு, ஒலிகளை ஒரு வண்ணப்பட்டை போல வரிசைப்படுத்தி, ஒரு முனையில் பேச்சையும் மறுமுனையில் இசையையும் நடுவில் எஃபெக்ட்ஸையும் வைக்கிறார். பட்டை முழுவதும் பரவியிருந்தால் ஐந்து அடுக்குகளைக்கூட ஒன்றாகக் கேட்கலாம். ஒரே முனையில் குவிந்தால் மூன்றுகூடத் தாங்காது என்பது அவருடைய அனுபவம்.

இதை உங்கள் காட்சிக்குப் பொருத்திப் பாருங்கள். இரண்டு குரல்கள் இருக்கின்றன. வயலின் மெட்டு, தந்தி அவர்கள் சொன்னபடி, பேச்சைப் போலவே ஒரு வரியைச் சொல்கிறது. ஆகவே பட்டையின் பேச்சு முனைக்கு அது நகர்ந்து வந்துவிட்டது. மழையோ ஒவ்வொரு துளியும் தனியே கேட்கும்படி கூர்மையாக இருக்கிறது. காது எதைப் பின்தொடரும்? மெட்டை நீண்ட சுரமாக மாற்றினால் அது இசை முனைக்குத் திரும்பிப் போகும்; துளிகளைப் பரவலாக்கினால் மழை பின்னணிக்குப் போகும். அளவைத் தொடாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

இசையை அமுக்குவது பற்றி நான் செய்வதைச் சொல்கிறேன். வசனம் வரும்போது இசை முழுவதையும் இறக்குவதில்லை. டைனமிக் ஈக்யூ ஒன்றை வசனத்தோடு இணைத்து, இசையில் 2,000 முதல் 3,500 ஹெர்ட்ஸ் வரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் குறையவைக்கிறேன்; திரும்பி மேலே வர எடுக்கும் நேரம் அரை நொடிக்கும் மேலாக இருக்கட்டும். இசையின் உடல் அப்படியே இருப்பதால் சொற்றொடரின் ஏற்ற இறக்கம் கெடாது. இசையை நடுச் சேனலிலிருந்து விலக்கி இடது வலதில் அகலப்படுத்துவதும், சிறிதளவு சரவுண்டுக்குள் இழுப்பதும் இதைவிட அதிகம் உதவும். ஆனால் இசையமைப்பாளரோடு பேசி, இசை நுழையும் இடத்தைப் பத்து நொடி தள்ளிப்போடச் சம்மதம் வாங்கினால், அதற்கு ஈடான கருவி எதுவும் இல்லை.

மதுரை ஆபரேட்டர் எழுதியது:

நீங்கள் எல்லோரும் மிக்ஸிங் அரங்கைப் பற்றிப் பேசுகிறீர்கள். படம் ஓடப்போகும் இடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். அரங்கின் ஒலி அளவை வைக்கும் சவுண்ட் பிராசஸரில் 7 என்பதுதான் நீங்கள் சொல்லும் 85 டெசிபலுக்கான நிலை. எங்கள் பக்கத்தில் 7இல் ஓட்டும் அரங்கை நான் பார்த்தது அபூர்வம். சண்டைக் காட்சியில் காது வலிக்கிறது என்று குடும்பத்தோடு வந்தவர்கள் எழுந்து வந்து சொல்வார்கள். நாங்கள் 5க்கு இறக்குவோம். அந்த அளவுகோலில் ஓர் எண்ணுக்கு ஏறத்தாழ மூன்றேகால் டெசிபல். 7லிருந்து 5க்கு வந்தால் ஆறரை டெசிபலுக்கு மேல் போய்விடுகிறது. சண்டை முடிந்து உங்கள் தாயும் மகளும் பேசும்போதும் அது 5இல்தான் இருக்கும். அதற்கு மேல் ஏசி சத்தம், பழைய அரங்கானால் மின்விசிறிச் சத்தம். திரையின் துளைகளில் பல வருடத் தூசி அடைந்திருந்தால், பின்னாலிருக்கும் நடு ஒலிபெருக்கியின் மேல் அதிர்வெண்கள் முதலில் போகும். வசனம் வருவது அதே ஒலிபெருக்கியில்தான். ஆகவே ஐயா, 5இல் புரியும்படி மிக்ஸ் செய்து கொடுங்கள் என்பதுதான் எங்களுடைய வேண்டுகோள்.

வடபழனி மேசை எழுதியது:

ஆபரேட்டர் அண்ணன் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் அவர் கேட்கும் தீர்வை என்னால் ஏற்க முடியவில்லை. 5இல் புரிய வேண்டும் என்று நாங்கள் எல்லாவற்றையும் 6 டெசிபல் ஏற்றிக் கொடுத்தால், அடுத்த வாரம் அரங்குகள் 4க்கு இறக்கும். சத்தமாக மிக்ஸ் செய்யப்பட்ட படங்களால்தான் அரங்குகள் இறக்கத் தொடங்கின. இறக்கியதால்தான் மிக்ஸிங் இன்னும் சத்தமானது. நடுவில் நசுங்குவது அமைதியான காட்சிகள். சண்டைக் காட்சியைக் காது வலிக்காமல் மிக்ஸ் செய்வதுதான் இந்தத் தேநீர்க் கடைக் காட்சியைக் காப்பாற்றும் வழி. அரங்கில் ஆபரேட்டர் இறக்குவதற்குக் காரணமே கொடுக்காத படம், நீங்கள் கேட்ட அளவிலேயே ஓடும்.

அதே சமயம், 7இல் மிக்ஸ் செய்து முடித்த பிறகு 5இல் ஒருமுறை, அரங்கின் ஏசியை ஓடவிட்டு, கடைசி வரிசையில் அமர்ந்து கேளுங்கள். அப்போது தவறும் சொற்களைக் குறித்துக்கொண்டு, அந்தச் சொற்களைச் சுற்றியிருக்கும் மழையையும் இசையையும் மட்டும் சரிசெய்யுங்கள். கதை அறியாத ஒருவரை அழைத்து வந்து கேட்கவைப்பது அவசியம். வசனம் மனப்பாடமான காதுக்கு எல்லாமே புரியும். இயக்குநர், எடிட்டர், மிக்ஸிங் செய்பவர் மூவரும் இந்த விஷயத்தில் நம்பத் தகுந்த சாட்சிகள் அல்லர்.

மதுரை ஆபரேட்டர் எழுதியது:

சண்டைக் காட்சியைக் குறைத்துக் கொடுங்கள் என்றால் எந்தத் தயாரிப்பாளர் கேட்பார் ஐயா? நட்சத்திரத்தின் அறிமுகக் காட்சிக்கு அரங்கு அதிர வேண்டும் என்றுதான் எங்களிடமே சொல்லி அனுப்புகிறார்கள். நீங்கள் சொல்வது இந்தப் படத்துக்குப் பொருந்தும்; முந்தைய வாரம் 5இல் நிறுத்திய பிராசஸரை இந்தப் படத்துக்காக யாராவது 7க்கு ஏற்ற வேண்டுமே. அரங்குக்கு வரும் டிஜிட்டல் பிரதியான டிசிபியோடு ஒரு வரி எழுதி அனுப்புங்கள், நானாவது ஏற்றுவேன்.

புதுத்தடம் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஏழு வரிகளை மறுடப்பிங் செய்யத் தயாரிப்பாளர் சம்மதித்துவிட்டார். இசையமைப்பாளர் ஸ்டெம்களைத் தருகிறார். வயலின் மெட்டு, தாய் பேசி முடித்த மௌனத்தில் நுழையும்படி மாற்றிக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. அட்மாஸில் தகர மழையை மேற்கூரை ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பிவிட்டால் வசனத்தோடு மோதல் நின்றுவிடுமா? தெலுங்கில் டப்பிங் உரிமை பேசியிருக்கிறார்கள். அதற்காக இப்போதே எதையாவது கவனித்து வைக்க வேண்டுமா?

களஒலி எழுதியது:

மறுடப்பிங்கில் ஏழு வரிகளோடு அவற்றுக்கு முன்னும் பின்னும் உள்ள ஒரு வரியையும் சேர்த்துப் பேசச் சொல்லுங்கள். தனியாக எடுத்த வரி நடுவில் வைத்ததும் துருத்திக்கொண்டு நிற்கும்.

வடபழனி மேசை எழுதியது:

அட்மாஸ் பற்றி முதலில். மேலிருந்து வரும் மழையும் எதிரிலிருந்து வரும் குரலும் வேறு வேறு திசையில் இருப்பதால் காது அவற்றை எளிதாகப் பிரித்துக்கொள்ளும். அந்த வகையில் உங்கள் காட்சி அட்மாஸுக்கென்றே எழுதப்பட்டது போல இருக்கிறது. 128 தடங்கள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால் எல்லாத் துளிகளையும் தனித்தனிப் பொருளாக்கி (தனியே நகர்த்தக்கூடிய ஒலியாக்கி) பறக்கவிடத் தோன்றும், அதைத் தவிர்த்துவிடுங்கள். தகரத்தின் பரவலான ஒலியை மேலே நிலையாக வைத்து, விளிம்பில் ஒழுகும் நீர் ஒன்றிரண்டை மட்டும் தனிப் பொருளாக வையுங்கள். உங்கள் படம் ஓடும் அரங்குகளில் கணிசமானவை 5.1ஆகவே இருக்கும். அங்கே மேற்கூரையில் வைத்ததெல்லாம் சுவர்களுக்கு இறங்கி வரும். ஓடிடிக்கான ஸ்டீரியோவிலோ எல்லாம் வசனத்தோடு ஒரே இடத்துக்கு வந்துவிடும். மேற்கூரையை நம்பி மழையை 3 டெசிபல் ஏற்றியிருந்தால், அந்த 3 டெசிபல் அங்கே திரும்பி வந்து வசனத்தை மறைக்கும். அதனால் 5.1ஐ முதலில் முடித்து, அதில் வசனம் நிற்கிறது என்று உறுதிசெய்துகொண்டு அட்மாஸுக்குப் போகும் வரிசையை நான் விரும்புகிறேன். அட்மாஸிலிருந்து இறங்குவதே முறை என்பவர்களும் உண்டு. சிறிய படங்களில் அவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் நாள்கள் நமக்குக் கிடைப்பதில்லை.

ஓடிடிக்கு வீட்டு அளவில் தனியாக ஒரு மிக்ஸ் செய்ய நேரம் ஒதுக்குங்கள். நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை அளவுகோலாக வைத்து மைனஸ் 27 எல்கேஎஃப்எஸ் (சராசரி சத்த அளவின் அலகு), கூடக்குறைய 2 என்று கேட்கிறது; உச்சம் மைனஸ் 2 டெசிபலைத் தாண்டக் கூடாது. நீங்கள் கொடுக்கும் தளம் என்ன கேட்கிறது என்பதை இப்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். இந்தக் காட்சியைப் பொறுத்தவரை, வீட்டில் கேட்பவருக்கு மௌனத்தில் எழும் மழை அரங்கில் எழுந்த அளவில் பாதி எழுந்தால் போதும்.

தெலுங்கைப் பற்றிக் கேட்டது மிகவும் சரியான நேரம். நான் மேலே சொன்ன டைனமிக் ஈக்யூவும் மழையின் ஏற்ற இறக்கமும் தமிழ் வசனத்தின் நேரத்துக்குக் கட்டுப்பட்டவை. அவற்றோடு சேர்த்தே இசை ஸ்டெமையும் எஃபெக்ட்ஸ் ஸ்டெமையும் பதிவுசெய்து அனுப்பிவிட்டால், தெலுங்கில் யாரும் பேசாத இடத்தில் இசை குழியும், பேசும் இடத்தில் மழை எழும்பும். ஆகவே வசனத்தோடு இணைந்த அசைவுகளைத் அளவைத் தானாக மாற்றும் தனி ஆட்டோமேஷன் தடத்தில் வைத்து, அவற்றை அணைத்துவிட்டு எடுத்த இசை, எஃபெக்ட்ஸ் ஸ்டெம்களையும் ஒரு தொகுப்பாக எடுத்துவையுங்கள். பைலட்டிலிருந்து எடுத்த கண்ணாடித் தம்ளர் சத்தம், சேலை உரசல் போன்றவை வசனத் தடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், தமிழ் வசனத்தை நீக்கும்போது அவையும் போய்விடும். அவற்றை ஃபோலியில் (சிறு ஒலிகளை ஸ்டுடியோவில் செய்து பதிவுசெய்யும் முறை) மறுபடி செய்து எஃபெக்ட்ஸில் சேருங்கள். தெலுங்கில் பேசப்போகும் நடிகையருக்கும் மழை ஒலியைக் காதில் போட வேண்டும் என்று குறிப்பெழுதி, அந்த மழைக் கோப்பையும் தொகுப்போடு வைத்து அனுப்புங்கள்.